கல்லூரி வீரரும் விளம்பர ஊதியமும்

ஒருவருடைய பெயரும் உருவமும் யாருக்கு உரியன? அவருக்கே உரியன என்பதில் எவருக்கும் ஐயமிராது. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவிலே கல்லூரிக்காக விளையாடிய மாணவர்க்கு அவற்றாற் பொருளீட்டும் உரிமை 2021ஆம் ஆண்டுவரை பெரிதும் மறுக்கப்பட்டிருந்தது. அம்மறுப்பு எழுந்தவாற்றையும் நீங்கியவாற்றையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

1906இல் தோன்றிய தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கம், ஊதியங் கருதாது ஆடுதலையே மாணவ வீரர்க்குரிய இலக்கணமாகக் கொண்டது. பணம் புகுமிடத்துக் கல்வி பின்தள்ளப்படும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். பின்னர் விளையாட்டுத் திறமைக்கு உபகாரச் சம்பளம் வழங்க அச்சங்கம் இசைந்தது. விளம்பர ஊதியத்துக்கோ இசையவில்லை. கொலறாடோப் பல்கலைக்கழக உதைபந்தாட்ட வீரரான ஜெரமி புளூம், ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீரருமாவார். பனிச்சறுக்கின் பொருட்டு விளம்பர ஊதியம் பெற்றமையால், 2004இல் அவர் கல்லூரி உதைபந்தாட்டத்துக்குத் தகுதியற்றவராக்கப்பட்டார்.

அதே காலத்தில் சங்கமும் பெருங்கல்லூரிகளும் ஒளிபரப்பு உரிமைகளை விற்றுப் பெரும்பொருள் ஈட்டின. ஆட்டத்தாற் பிறர் செல்வம் பெறலாம். ஆடுவோர் மட்டும் பெறலாகாது என்னும் முரண்பாடு இதனால் வெளிப்பட்டது. முன்னாட் கூடைப்பந்தாட்ட வீரர் எட் ஓபானன், கணினி விளையாட்டொன்றிலே தம் உருவம் ஊதியமின்றிப் பயன்படுத்தப்பட்டமை கண்டு 2009இல் வழக்குத் தொடுத்தார். அத்தடை வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானதென 2014இல் நீதிமன்று தீர்த்தது. 2019இல் கலிபோர்னியா மாநிலம் மாணவ வீரரின் விளம்பர உரிமையைச் சட்டமாக்கியது. 2021 யூன் 21இல் உச்ச நீதிமன்று, கல்வி சார்ந்த உதவிகளுக்குச் சங்கம் விதித்த வரம்பை ஒருமுகமாக நிராகரித்தது. அத்தீர்ப்பு விளம்பர ஊதியம் பற்றியதன்று. எனினும் அதன் பின்னர்ப் பழைய தடையைத் தாங்கி நிற்கச் சங்கத்தால் இயலவில்லை. யூலை 1 முதல் விளம்பர ஊதியம் அனுமதிக்கப்பட்டது.

எனினும் வரம்புகள் உள. விளம்பரத்துக்கென மெய்யான பணி செய்யப்படல் வேண்டும். விளம்பரம் என்னும் பெயரால் ஆட்டத்துக்குக் கூலி கொடுத்தலாகாது. 2025 யூன் 6இல் நீதிமன்று அங்கீகரித்த இணக்கத்தின்படி, கல்லூரிகள் தாமே வீரர்க்குப் பணம் பகிர்ந்தளிக்கலாயின. 2025-26 கல்வியாண்டுக்கு ஒரு கல்லூரிக்குரிய உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர். இவ்வேற்பாட்டுக்குட்பட்ட கல்லூரிகளின் வீரர், வெளியாருடன் செய்யும் 600 டொலரோ அதற்கு மேலோ பெறுமதியுள்ள ஒப்பந்தங்களைப் பரிசீலனைக்கு அறிவித்தல் வேண்டும்.

நம் நாட்டிலிருந்து அங்கு கற்கச் செல்வோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மாணவ விசா பெற்றோர் தொழில் புரிதற்குக் குடிவரவுச் சட்டம் கடுங் கட்டுப்பாடு விதிக்கின்றது. சங்கம் அனுமதித்ததென்று நம்பி விளம்பரத்தில் ஈடுபடுவோர் விசாவையே இழக்க நேரிடலாம். ஆதலின் சட்ட ஆலோசனை பெற்ற பின்னரே கையொப்பமிடல் தகும்.

பணம் கல்வியைக் கெடுக்கும் என்னும் பழைய அச்சத்தை முற்றும் பொய்யென ஒதுக்குதற்கில்லை. ஆனால் அவ்வச்சத்தைக் காரணங்காட்டி ஆடுவோரை மட்டும் வறிதே விடுதல் அறமாகாது. மாணவரின் உரிமையை மதித்து, அவர்தம் கல்வியையும் காக்கும் விதிகளை வகுத்தலே கல்விக்கூடங்களின் கடனாகும்.