கண்ணாடி இல்லாத கேமராவா? கண்ணை மூடிக்கிட்டு வாங்காதீங்க!

"மச்சி, டிஎஸ்எல்ஆரை வித்துட்டு மிரர்லெஸ் போயிடலாமா?"

எந்த காலேஜ் போட்டோகிராஃபி கிளப்பில் போய் உட்கார்ந்தாலும், பத்தாவது நிமிஷம் இந்தக் கேள்வி வந்து நிற்கும். உடனே ஒருத்தர் கேனான் கட்சி, இன்னொருத்தர் சோனி கட்சி, மூலையில் அமைதியாக ஒரு ஃபியூஜி ரசிகர். விவாதம் சூடாகி, கேன்டீன் டீ ஆறிப் போய், கடைசியில் அன்றைக்கு எடுத்த படத்தை யாரும் யாருக்கும் காட்டாமலேயே கிளம்பிவிடுவார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தரா? அப்போ இது உங்களுக்குத்தான் பாஸ்!

விஷயம் விளையாட்டு இல்லை. லென்ஸோடு சேர்த்து ஓர் ஆரம்பநிலை மிரர்லெஸ் 50 ஆயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கும். கொஞ்சம் ஆசைப்பட்டால் சட்டென்று லட்சத்தைத் தாண்டிவிடும். பல வீடுகளில் அது ஒரு வருஷ காலேஜ் ஃபீஸ். அப்பா சீட்டு எடுத்துத் தருவார், இல்லையென்றால் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும், அதுவும் இல்லையென்றால் கல்யாண மண்டபங்களில் செகண்ட் கேமராவாக நின்று நீங்களே சேர்த்திருப்பீர்கள். அந்தக் காசை எதை நம்பிப் போடப் போகிறீர்கள்? யூ டியூபில் ஒருத்தர் பெட்டியைப் பிரித்துக் காட்டினாரே, அதை நம்பியா?

கண்ணாடி எங்கே போச்சு?

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். வெளிச்சத்தை மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்புவது அதன் வேலை. பட்டனை அழுத்தினால் 'டபக்' என்று மேலே மடங்கும், அப்புறம்தான் சென்சாருக்கு வெளிச்சம் போகும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியைத் தூக்கியாச்சு. சென்சார் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது பார்ப்பதைத்தான் நீங்கள் திரையிலோ, வியூஃபைண்டருக்குள் இருக்கும் குட்டித் திரையிலோ பார்க்கிறீர்கள். படம் இருட்டாக வருமா, வெளுத்துப் போகுமா என்பது எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

2008-ல் பானசோனிக் 'லூமிக்ஸ் ஜி1' வந்தபோது பழைய ஆட்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2013-ல் சோனி 'ஏ7' மூலம் ஃபுல் ஃப்ரேம் சென்சாரை உள்ளே கொண்டுவந்தது. 2018-ல் நிக்கானும் கேனானும் தங்கள் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸோடு களத்தில் குதித்தன. 2020-ல், ஏற்றுமதி எண்ணிக்கையில் டிஎஸ்எல்ஆரை மிரர்லெஸ் முந்தியே விட்டது. அந்த வருஷத்துக்குப் பிறகு இந்த இரண்டு கம்பெனிகளும் புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் விடவில்லை.

ஆக, சண்டை முடிஞ்சு போச்சு. ஆனால் அது கம்பெனிகளின் சண்டை. உங்கள் பையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர் நேற்று எடுத்த மாதிரியே நாளைக்கும் படம் எடுக்கும். உண்மையில் மிரர்லெஸ் பெரிய பாய்ச்சல் காட்டியிருக்கும் இடம் ஃபோகஸ். ஓடுகிற ஆளின் கண்ணைக் கண்டுபிடித்து, அவர் ஃப்ரேமின் ஓரத்துக்குப் போனாலும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. விளையாட்டு, குழந்தைகள், நடனம் எடுப்பவருக்கு அது வரம். கோயில் கோபுரம் எடுப்பவருக்கு? கோபுரம் எங்கேயும் ஓடாது!

முதல்ல உங்க படத்தைக் கேளுங்க

'எந்த கேமரா வாங்கலாம்?' என்ற கேள்விக்குப் பதில் ரிவ்யூக்களில் இல்லை. உங்கள் பழைய படங்களுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு டிஜிட்டல் படத்தோடும் 'எக்ஸிஃப்' என்று ஒரு தகவல் சேர்ந்தே பதிவாகும். எந்த ஃபோகல் லெங்த், எந்த அப்பர்ச்சர், எவ்வளவு ஐஎஸ்ஓ, ஷட்டர் எத்தனை வேகம் என்று எல்லாம் அதில் இருக்கும். போன் கேலரியிலேயே படத்தின் விவரத்தைத் திறந்தால் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். கடந்த ஒரு வருஷத்தில் எடுத்ததில் உங்களுக்கே நிஜமாகப் பிடித்த நூறு படங்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். லைக் வாங்கிய படம் இல்லை, உங்களுக்குப் பிடித்த படம். இப்போது ஒவ்வொன்றிலும் அந்த எண்களைப் பாருங்கள்.

பெரும்பாலான படங்கள் 18 எம்.எம்.மிலேயே நிற்கிறதா? நீங்கள் கிட்டே போய், அகலமாகப் பார்க்கிற ஆள். 55-லேயே முட்டிக்கொண்டு நிற்கிறதா? லென்ஸ் இன்னும் நீளாதா என்று ஏங்குகிற ஆள். பழவேற்காட்டில் பூநாரையும் வேடந்தாங்கலில் நாரையும் எடுத்து எடுத்து, எல்லாப் படத்திலும் பறவை புள்ளியாகத் தெரிந்தால், உங்களுக்குத் தேவை புது பாடி இல்லை, 300, 400 எம்.எம். லென்ஸ். அதற்குச் சின்ன சென்சார் கேமராவே தோதானது. கேனான் ஏ.பி.எஸ்-சி கேமராவில் 400 எம்.எம். மாட்டினால் ஃபுல் ஃப்ரேமில் 640 எம்.எம். மாட்டிய மாதிரி பார்வை கிடைக்கும்.

எல்லாப் படமும் ஐஎஸ்ஓ 6400-க்கு மேலே, 'நாய்ஸ்' கொப்பளிக்கிறதா? நீங்கள் இருட்டில் எடுக்கிறவர். கல்ச்சுரல்ஸ் மேடை, விடியும் முன்னே காசிமேடு மீன் ஏலம் போன்ற இடங்கள்.

இங்கேதான் பல பேர் லட்ச ரூபாயைக் கோட்டை விடுகிறார்கள். "ஃபுல் ஃப்ரேம் போயிட்டா இருட்டு பிரச்னை தீர்ந்துடும்டா" என்று சீனியர் சொல்லியிருப்பார். ஒரு சின்ன கணக்கு போடலாமா? ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு, ஏ.பி.எஸ்-சி சென்சாரைப் போல சுமார் இரண்டரை மடங்கு. அதாவது அதே அப்பர்ச்சரில், அதே ஃப்ரேமிங்கில் கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சமும் அவ்வளவுதான். இப்போது கேமராவை மாற்றாமல் லென்ஸை மட்டும் மாற்றுங்கள். கிட் லென்ஸ் ஜூமின் கடைசியில் எஃப் 5.6. அதைக் கழற்றிவிட்டு எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால், வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு! மேடையில் 30-ல் ஒரு பங்கு வினாடியில் கை கால் எல்லாம் கலங்கிப் போன நடனப் படம், 300-ல் ஒரு பங்கு வினாடியில் சலங்கை மணி வரை பளிச்சென்று நிற்கும். பாடி மாற்ற லட்சம் ஆகிற இடத்தில், 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் பத்தாயிரம், இருபதாயிரத்தில் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஏ.பி.எஸ்-சி கேமராவில் 50 எம்.எம். என்பது 75, 80 எம்.எம். மாதிரி குறுகலாகப் பார்க்கும். முகம் எடுக்க, மேடை எடுக்க ஜோர். சௌகார்பேட்டை சந்துக்குள் நுழைந்தால் பின்னால் போக இடமில்லாமல் சுவரில் இடித்துக்கொண்டு நிற்பீர்கள். தெருவுக்கு 24 அல்லது 35 எம்.எம். சரிவரும்.

ஷோரூமில் சொல்லாதது

ஷோரூம் ஏ.சி.யில் எல்லா கேமராவும் அழகுதான். மத்தியானம் 12 மணிக்கு மெரினா மணலில் நின்று பாருங்கள். நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 மாதிரி மாடல்களில் வியூஃபைண்டரே கிடையாது, பின் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அந்தத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும்! வீடியோ எடுப்பவருக்கு அவை நல்ல கேமராக்கள். வெயிலில் அலைந்து போட்டோ எடுக்கிறவர் யோசிக்கணும். கேனான் ஆர்100 விலை குறைவுதான், ஆனால் திரை மடங்காது, தொட்டாலும் வேலை செய்யாது. ஸ்மார்ட்போனில் வளர்ந்த விரலுக்கு அது பெரிய கடுப்பு.

அடுத்து பேட்டரி. எப்போதும் திரை எரிந்துகொண்டே இருப்பதால் மிரர்லெஸ் பேட்டரியைக் குடிக்கும். நிக்கான் டி5600 டிஎஸ்எல்ஆருக்குக் கம்பெனி சொன்ன கணக்கு ஒரு சார்ஜுக்கு 970 படம். இசட்30-க்கு சுமார் 330. உங்கள் பட்ஜெட்டில் இரண்டாவது பேட்டரியின் விலையையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சத்தமே இல்லாமல் எடுக்கலாம் என்று எலெக்ட்ரானிக் ஷட்டரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். ஆடிட்டோரியத்தில் எல்.இ.டி. விளக்குகளுக்குக் கீழே அதைப் போட்டுப் பாருங்கள், படத்தில் வரிவரியாகக் கோடு விழ வாய்ப்பு அதிகம். சென்சார் மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்கும் நேரத்துக்குள், விளக்கு பல தடவை கண் சிமிட்டிவிடுகிறது. காலேஜ் டே அன்றைக்குத்தான் இதைக் கண்டுபிடிப்பேன் என்று அடம் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று, லென்ஸைக் கழற்றினால் பல மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் அப்படியே வெட்டவெளியில் நிற்கும். கடற்கரையில் லென்ஸ் மாற்றுவதாக இருந்தால் காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமரா வாயைக் கீழே கவிழ்த்துக்கொண்டு மாற்றுங்கள்.

பழசு பொன்னா, பூஞ்சையா?

எல்லாரும் மிரர்லெஸ் பக்கம் ஓடுவதால் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் டிஎஸ்எல்ஆர் விலை இறங்கியிருக்கிறது. கை இறுக்கமாக இருக்கும் ஸ்டூடன்ட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான்: பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு ஒரு நல்ல எஃப் 1.8 லென்ஸ். அந்த லென்ஸ் பிறகும் வீணாகாது. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடிக்காக விட்ட இடைவெளி மிரர்லெஸ்ஸில் தேவையில்லை. கேனானில் லென்ஸ் மாட்டும் இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவே அப்போது 44 மில்லிமீட்டர், இப்போது 20. மிச்சமுள்ள இடத்தில் ஓர் அடாப்டர் உட்கார்ந்துகொள்ளும், பழைய லென்ஸ் புது பாடியில் வேலை செய்யும். நிக்கான்காரர்கள் மட்டும் உஷார்! மாமா கொடுத்த பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸுக்கு உள்ளே மோட்டார் கிடையாது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் போட்டால் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஈரப்பதத்தில் இது சகஜம். வாங்கினதையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். பீரோவுக்குள் லெதர் பையில் போட்டுப் பூட்டுவதுதான் பூஞ்சைக்கு நீங்கள் வைக்கும் விருந்து.

புதுசோ, பழசோ, வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். பெரிய ஊர்களில் அடையாள அட்டையும் முன்பணமும் வாங்கிக்கொண்டு கேமரா வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. நாலு பேர் சேர்ந்து எடுத்தால் தலைக்குச் சினிமா டிக்கெட் காசு தேறும். ஆசைப்பட்ட கேமரா கையில் பொருந்தாமல் போவது அன்றைக்கே தெரிந்தால் எத்தனை ஆயிரம் மிச்சம்!

"எதுல எடுத்தது ப்ரோ?"

படத்தைப் பகிர்ந்தால் வரும் முதல் கமென்ட் இதுதானே? சமையல் நல்லா இருந்தால் "எந்தக் கடாய்?" என்றா கேட்போம்?

சேர்ந்து படம் எடுப்பதும், எடுத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதும் நம்ம ஊருக்குப் புதிதல்ல. சென்னையின் 'போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ்' 1850-களில் தொடங்கிய சங்கம். 'சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ்' 2000-களின் பிற்பகுதியிலேயே விடிகாலைத் தெருக்களில் கூட்டமாகக் கிளம்பியது. அந்த மாதிரி நடைகளில் பக்கத்தில் நிற்பவரின் லென்ஸை அஞ்சு நிமிஷம் வாங்கி மாட்டிப் பார்ப்பதே ஒரு இலவச டெமோ.

உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விதி போட்டுப் பாருங்கள். வாரம் ஆளுக்குப் பத்து படம், கேமரா பெயர் சொல்லக் கூடாது. 'சூப்பர்' என்று யாரும் எழுதக் கூடாது. எந்த ஏழு படத்தைத் தூக்கணும், ஏன் என்று மட்டும் எழுதணும். முதல் வாரம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டுப் போவார்கள். பரவாயில்லை. மிச்சம் இருப்பவர்கள் மூன்றாவது வாரம் வேறு மாதிரி படம் எடுப்பார்கள். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

இன்ஸ்டாகிராம்? போடுங்கள், யார் வேண்டாம் என்றது! ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போடுங்கள். அங்கே படம் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது, ஒன்றரை மெகாபிக்சல் அளவில்தான் பார்க்கிறவர் கண்ணுக்குப் போகிறது. அதற்காக 45 மெகாபிக்சல் கேமராவுக்குக் கடன் வாங்க வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

பிரின்ட் போட்டால் கதை வேறு. 12-க்கு 18 அங்குலத்துக்குப் பிரின்ட் போடுங்கள், அப்போதுதான் ஃபோகஸ் கண்ணில் விழுந்ததா, மூக்கில் விழுந்ததா என்பது தெரியும். அத்தனை பெரிதாக வேண்டாமென்றால் மேக்ஸி சைஸ் போதும், டீக்காசுதான் ஆகும்.

அதில் முதல் பிரின்ட் யாருக்குத் தெரியுமா? காசிமேட்டில் கூடையோடு நின்ற அந்த அம்மாவுக்கு. "ஒரு படம் எடுத்துக்கட்டுமா அக்கா?" என்று நீங்கள் கேட்டபோது ஏலத்தின் நடுவே தலையாட்டினாரே, அவருக்கு. இதுவரை எத்தனை பேர் அவரை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், எத்தனை பேர் திரும்பி வந்து படத்தைக் கொடுத்திருப்பார்கள்? போகும்போது ரெண்டு காப்பியாகவே எடுத்துக்கிட்டுப் போங்க. பக்கத்துக் கடைக்காரம்மாவும் கூட நின்னு சிரிச்சிருப்பாங்க, அவங்களும் கேட்பாங்க.