கால் விநாடியில் போகும் உயிர்

பெங்களூர் தொம்மலூரில் காதுக்கு ஓய்வே கிடையாது. மேம்பாலத்தடியில் சிவப்பு விழுந்ததும் யாரோ ஒரு ஆட்டோக்காரர் ஹாரனைத் தொடங்கிவைப்பார். பச்சை விழும் வரை பின்னால் நிற்பவர்கள் அதை விடமாட்டார்கள். பழைய விமான நிலையச் சாலையில் பிஎம்டிசி பஸ்கள் உறுமிக்கொண்டே ஊர்கின்றன. பயணிகள் விமானங்கள் 2008 மே மாதம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டாலும் எச்ஏஎல் ஓடுதளம் சும்மா இல்லை. சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பும் போர் விமானம் தலைக்கு மேல் போனால், போனில் பேசிக்கொண்டிருப்பவர் அது போய்த் தொலையும் வரை காத்திருக்க வேண்டியதுதான். தமிழ்க் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் சொக்கநாத சுவாமி கோயிலும் இங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த எம்பசி கோல்ஃப் லிங்க்ஸ் பக்கத்திலேயே. அங்கே வேலை பார்ப்பவர்களை நம்பி வளர்ந்த பிஜி விடுதிகள் சந்துக்குச் சந்து.

அந்த பிஜி அறைகளில் மூன்று கட்டில்கள் இருக்கும். ஒருவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறார், இன்னொருவர் அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங்கில் இருக்கிறார், மூன்றாமவர் பிஜிஎம்ஐ கேமில் பாராசூட்டில் குதித்துக்கொண்டிருக்கிறார். இங்கே ஹெட்போன் ஆடம்பரம் இல்லை, அறைக்கு நடுவே எழுப்ப முடியாத சுவர் அது. கைக்கு வரும் சம்பளத்தில் ஒன்றுதான் வாங்க முடியும். அதனால் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, பாட்டும் கேட்கணும், கேமும் ஆடணும், வயர் வேணாம். எது வாங்கலாம்?"

பிராண்டின் பெயரை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: "பெட்டிக்குள்ள டாங்கிள் இருக்கா, தம்பி?"

காரணம் சொல்கிறேன். ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு கேட்கும்போது, போன் அந்த ஒலியைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, காற்றில் அனுப்புகிறது. அது போகும் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபையும், மைக்ரோவேவ் அடுப்பும், பக்கத்து அறை மவுஸும் புழங்குவதும் அதே இடத்தில்தான். நெரிசலைச் சமாளிக்க ப்ளூடூத் 79 தடங்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை வரை தாவிக்கொண்டே இருக்கிறது. அப்படியும் சில பொட்டலங்கள் தவறும், மறுபடி அனுப்ப வேண்டிவரும். காவிரி தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் குழாயில் சீராகக் கொட்டட்டும் என்று பெங்களூர் வீடுகளில் சம்ப் கட்டி வைத்திருக்கிறோம் அல்லவா, அப்படி ஹெட்போனும் கொஞ்சம் ஒலியைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காதுக்கு விடுகிறது. ஒலியைச் சுருக்கும் முறைகளில் சாதாரணமான எஸ்பிசி கோடெக்கில் இந்தச் சேமிப்பும் சுருக்கி விரிப்பதும் சேர்ந்து 150 முதல் 250 மில்லிவிநாடி வரை தாமதம் ஆகிவிடும்.

பாட்டுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பல்லவி கால் விநாடி தாமதமாகத் தொடங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? கேமில் கதையே வேறு. விநாடிக்கு 60 பிரேம் ஓடும் திரையில் 200 மில்லிவிநாடி என்றால் 12 பிரேம். எதிரி கதவைத் தாண்டி உள்ளே வந்து, திரும்பி, சுட்டும் முடித்த பிறகுதான் அவன் காலடி ஓசை உங்கள் காதுக்கு வரும். "மச்சி, ரைட்ல ஸ்டெப்ஸ்" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் லாபிக்குத் திரும்பியிருப்பீர்கள்.

கடையில் இது தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஹெட்போனை மாட்டிவிட்டு யூடியூபில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டுவார்கள். உதட்டசைவும் வசனமும் அச்சாகப் பொருந்தும். ஆனால் அது ஹெட்போனின் திறமை இல்லை. ப்ளூடூத்தில் எவ்வளவு தாமதம் என்பதைக் கணக்கிட்டு வீடியோ ஆப் படத்தையும் அதே அளவு பின்தள்ளிவிடுகிறது. கேமால் அப்படிச் செய்ய முடியாது. நீங்கள் எப்போது சுடுவீர்கள் என்று அதற்கு முன்கூட்டியே தெரியாதே. ஆகவே சோதனை செய்ய வேண்டிய இடம் கேமின் பயிற்சி மைதானம். துப்பாக்கியை ஒற்றைக் குண்டு முறைக்கு மாற்றி, விரலால் தட்டித் தட்டிச் சுட்டுப் பாருங்கள். விரலுக்கும் வெடிக்கும் இடையில் ஓர் இடைவெளி உறைத்தால், அந்த ஹெட்போன் கேமுக்கு ஆகாது. ஒரு நிமிட வேலை இது. கடைக்காரர் கொஞ்சம் முறைத்தாலும் பரவாயில்லை.

டாங்கிள் என்பது யூஎஸ்பி துளையில் செருகும் விரல்நுனி அளவு ரிசீவர். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது, ஆனால் ப்ளூடூத்தின் பொது விதிகளுக்குக் கட்டுப்படாமல் அந்தந்த நிறுவனத்தின் சொந்த மொழியில், மிகக் குறைந்த சேமிப்போடு. தாமதம் பெரும்பாலும் 20 முதல் 40 மில்லிவிநாடிக்குள் அடங்கும், மனிதக் காது அதைக் கண்டுகொள்வதில்லை. லாஜிடெக்கின் ஜி ப்ரோ எக்ஸ் 2 லைட்ஸ்பீட், ஸ்டீல்சீரிஸின் ஆர்க்டிஸ் நோவா 7 போன்றவற்றில் டாங்கிளும் உண்டு, ப்ளூடூத்தும் உண்டு. கணினியில் டாங்கிள், வெளியே போனால் ப்ளூடூத். ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஆல்ஃபா வயர்லெஸ் ஒருமுறை சார்ஜ் செய்தால் 300 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் அதில் ப்ளூடூத் கிடையாது, போனில் பாட்டு கேட்க ஆசைப்படுபவருக்கு அந்த 300 மணி நேரத்தால் பிரயோசனம் இல்லை. பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்குத் தேர்வே இல்லை: அந்தப் பெட்டி ப்ளூடூத் ஹெட்போனை நேரடியாக ஏற்பதில்லை. எக்ஸ்பாக்ஸுக்கு அதன் சொந்த வயர்லெஸ் முறை, ஆகவே பெட்டியில் எந்த கன்சோலின் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

விலை குறைந்த இயர்பட்களில் 'கேம் மோட்' என்று எழுதியிருப்பார்கள். சேமிப்பைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கிற வித்தை அது. பொய் இல்லை. ஆனால் சம்ப் சிறிதானால் குழாய் அடிக்கடி காய்வது போலத்தான், பிஜியில் நாற்பது போன்கள் நடுவே உட்கார்ந்து ஆடினால் ஒலி விட்டுவிட்டு வரும்.

டாங்கிள் வாங்கியவர்களும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். லேப்டாப்பின் நீல நிற யூஎஸ்பி 3 துளையில் அதைச் செருகி, பக்கத்துத் துளையில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவைப்பார்கள். யூஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012ல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை ஒரு சிறிய நீட்டிப்பு வயரில் மாட்டி மேஜைமேல் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் மீதிப் பாதியும் தீரும்.

அடுத்தது மைக். இது பலருக்கும் வாங்கிய பிறகுதான் உறைக்கிறது. அருமையான ப்ளூடூத் ஹெட்போனை லேப்டாப்பில் இணைத்து ஆடிக்கொண்டிருப்பார்கள், டிஸ்கார்டில் நண்பர்களோடு பேசச் சேர்ந்ததும் கேமின் ஒலி சட்டென்று பழைய லேண்ட்லைன் போனில் கேட்பது போல் மெலிந்துவிடும். ஹெட்போன் கெட்டுப்போகவில்லை. பாட்டுக்கான ப்ளூடூத் வழி ஒருபக்கமாக மட்டுமே ஒலியை அனுப்பும். மைக்கும் வேண்டும் என்றால், போன் அழைப்புக்கென்று உண்டான வேறு வழிக்கு அது மாறியாக வேண்டும். அங்கே ஸ்டீரியோ கிடையாது, மேல் சுருதிகள் வெட்டப்பட்டுவிடும். இடது வலது தெரியாவிட்டால் காலடி எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? அவசர வைத்தியம் ஒன்று உண்டு: டிஸ்கார்டு அமைப்பில் மைக்காக ஹெட்போனைத் தேர்ந்தெடுக்காமல் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒலி பழையபடி விரியும். ஃபேன் சத்தம் நண்பர்களுக்குக் கேட்கும், அவ்வளவுதான். 2020ல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான். ஆனால் ஹெட்போன், கணினி இரண்டும் அதைப் புரிந்துகொண்டால்தான் பலன்.

இனி பாட்டு. கேமுக்கென்று செய்யப்படும் ஹெட்செட்டுகளில் பல, வெடிச் சத்தம் அதிர வேண்டும், காலடி தெளிய வேண்டும் என்பதற்காக அடியையும் உச்சியையும் தூக்கி, நடுவைக் குழியாக்கி வைத்திருக்கும். மனிதக் குரலும் வயலினும் வாழ்வது அந்த நடுவில். இளையராஜாவின் 1986 ஆல்பமான 'ஹௌ டு நேம் இட்' போட்டுப் பாருங்கள். வயலினுக்கு அடியில் தனிப் பாதையில் நடக்கும் பேஸ் கிடார் ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரிந்து கேட்க வேண்டும். மந்தமான மூட்டமாகக் கேட்டால் அந்த ஹெட்செட் குண்டு வெடிக்கத்தான் லாயக்கு. கச்சேரிப் பதிவு கேட்பவர்கள் மிருதங்கத்தின் தொப்பியைக் கவனிக்கலாம். அது வீங்கிப் பாடகரின் குரலை விழுங்குகிறதா என்று. நல்ல வேளை, பெரிய பிராண்டுகளின் ஆப்களில் ஈக்வலைசர் இருக்கிறது. அடியைக் கொஞ்சம் இறக்கினாலே பாதி ஹெட்செட்டுகள் பாட்டுக்கு மரியாதை செய்யத் தொடங்கும். பாட்டுக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று என இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். ஈக்வலைசர் இல்லாத ஹெட்செட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கோடெக் சண்டைக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். சோனியின் எல்டிஏசி விநாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். நெரிசலில் அது தானாகவே 330 வரை இறங்கிவிடும். ஐபோனில் அது கிடையவே கிடையாது. இலவச யூடியூபில் பாட்டு கேட்டுக்கொண்டு எல்டிஏசிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. '50 மிமீ டிரைவர்' என்பதும் அப்படித்தான், அளவு பெரிதானால் ஒலி நன்றாக இருக்கும் என்று ஒரு விதியும் இல்லை. '7.1 சரவுண்ட்' என்பது இரண்டே ஸ்பீக்கர்களைக் கொண்டு செய்யும் கணக்கு. வாலரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற கேம்களில் திசையைக் காட்டும் கணக்கு உள்ளேயே இருக்கிறது. அதையும் போட்டு ஹெட்செட்டின் 7.1ஐயும் போட்டால் இரண்டும் மோதித் திசையே குழம்பிப்போகும். ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள்.

இரைச்சல் நீக்கம் பற்றிச் சொல்லாமல் தொம்மலூரைத் தாண்ட முடியாது. இந்தத் தொழில்நுட்பத்தை ஹெட்போனுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன், எம்ஐடி பேராசிரியர். 1978ல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குத் திரும்பும் விமானத்தில், எஞ்சின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை என்ற எரிச்சலில் கணக்குப் போடத் தொடங்கினார். அவர் நிறுவனத்தின் முதல் ஹெட்செட் 1989ல் விமானிகளுக்காக வந்தது. வெளியே வரும் ஒலியை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே விட்டு இரண்டையும் ரத்து செய்வதுதான் உத்தி. சீராக, தாழ்ந்து ஒலிக்கும் எஞ்சின் உறுமல், ஏசி, ஜெனரேட்டர் எல்லாம் அதில் அடங்கிவிடும். ஆட்டோ ஹாரன் அடங்காது. கீச்சென்று, எதிர்பாராமல் வரும் ஒலிக்கு எதிரலை தயாராவதற்குள் அது காதுக்குள் வந்துவிடும். மேம்பாலத்தடியில் நின்று, "இவ்வளவு பணம் கொடுத்தும் ஹாரன் கேட்குதே" என்று நொந்துகொள்ள வேண்டாம். ரோட்டைக் கடக்கும்போது அது கேட்பதே நல்லது.

இரைச்சல் நீக்கத்துக்கு வேறொரு உபயோகமும் இருக்கிறது. வெளி இரைச்சல் குறைந்தால் ஒலி அளவை ஏற்ற வேண்டியதில்லை. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தே டெசிபல் கூடினால் பத்தில் ஒரு பங்கு நேரம். பஸ்ஸில் பாட்டு, ஆபீசில் மீட்டிங், இரவில் கேம் என்று நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரிபவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஐபோனில் ஹெல்த் ஆப்பே அதைக் காட்டுகிறது.

மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கேம் ஹெட்செட்டுகள் 300 கிராமைத் தாண்டுவது சாதாரணம். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம். ஐந்து நிமிடத்தில் தெரியாத இந்த வித்தியாசம் மூன்றாவது மணி நேரத்தில் உச்சந்தலையில் தெரியும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே மாட்டிப் பாருங்கள். தண்டு குஷனைத் தூக்கிவிட்டால் அந்த இடுக்கு வழியே பேஸ் ஒழுகிவிடும். பெங்களூர்க் குளிரில் தெரியாது, விடுமுறைக்கு வேலூருக்கோ சென்னைக்கோ எடுத்துப் போனால் செயற்கைத் தோல் குஷன் வியர்வையில் ஊறி, ஓரிரு வருடத்தில் செதில் செதிலாக உரியும். குஷன் தனியாகக் கிடைக்கிற மாடல்தானா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுச் சரிபார்க்கலாம். ஆன்சைட் போன நண்பர் அமெரிக்காவிலிருந்து மலிவாக வாங்கி வருகிறேன் என்றால், வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் செல்லாது.

பாட்டும் பஸ் பயணமும்தான் முக்கால்வாசி, கேம் எப்போதாவது என்றால் என் யோசனை வேறு. டாங்கிளை மறந்துவிட்டு, இரைச்சல் நீக்கும் நல்ல ப்ளூடூத் ஹெட்போனை வாங்கிக்கொள்ளுங்கள். கேம் ஆடும் நேரத்தில் மட்டும் அதன் 3.5 மிமீ துளையில் வயரைச் செருகுங்கள். வயருக்குத் தாமதம் கிடையாது. வயரில் போட்டால் அந்த ஹெட்போனின் மைக் வேலை செய்யாமல் போகலாம், அதை மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.