இலை கருகினால் உடனே மருந்துப் போத்தலா?

சோளகக் காற்று தொடங்கிவிட்டால் மன்னார்த் தீவில் முற்றத்து மரங்களின் முகமே மாறிவிடும். தேசியின் இலை ஓரம் கருகும். மாங்கன்று சோர்ந்து நிற்கும். கறிவேப்பிலை மஞ்சளாகும். "ஏதோ நோய் பிடித்துவிட்டது" என்று கடனுக்காவது ஒரு போத்தல் மருந்து வாங்கி அடிக்கிறோம். உப்பாலும் காற்றாலும் வந்த கருகலைப் பூச்சிமருந்து மாற்றாது. காசு போவதோடு, பிள்ளைகள் உண்ணும் இலையில் நஞ்சும் தங்கிவிடும்.

இந்திய முகாமிலிருந்து ஊர் திரும்பி, 2010இல் பேசாலைப் பக்கத்து வளவொன்றில் தேசி, மா, கறிவேப்பிலை நட்டேன். துணையின்றிக் குடும்பம் நடத்தும் எனக்கு, தேசிக்காயும் கறிவேப்பிலையும் விற்ற காசு பிள்ளைகளின் கொப்பிக்கும் பஸ்ஸுக்கும் உதவியது. அந்த மரங்களோடு பழகி அறிந்தவற்றையே இங்கே சொல்கிறேன்.

முதலில் மூன்று கேள்விகள்

மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். பாதிப்பு ஒரு பக்கத்திலா, முழு மரத்திலுமா? பழைய இலையிலா, தளிரிலா? இலையின் ஓரத்திலா, நடுவிலா? நோயைப் பாதி அறிய இவை போதும்.

உப்புக் காற்றா, உப்புத் தண்ணீரா?

கடல் காற்று மோதும் பக்கத்து இலைகள் மட்டும் ஓரம் கருகினால் காரணம் உப்புக் காற்று. காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். அந்தப் பக்கத்தில் கிடுகாலோ பனையோலையாலோ மறைப்புக் கட்டுங்கள்.

எல்லாப் பக்கமும் நுனி கருகினால் கிணற்றுத் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். நம் தீவில் மழைநீர்தான் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. மோட்டர் போட்டு அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். வாளியால் மேல்நீரை அள்ளுவது நல்லது. தினமும் சிறிது ஊற்றினால் உப்பு வேரடியில் தங்கும். இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் அது கீழே கழுவப்படும். வேரடியைச் சருகாலும் காய்ந்த ஓலையாலும் மூடுங்கள். கருவாடு கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்றவேண்டாம்.

மஞ்சள் எங்கே தொடங்கியது?

அடியிலுள்ள பழைய இலைகள் முழுதாக மஞ்சளானால் மரத்துக்குப் பசி. மக்கிய ஆட்டெரு இடுங்கள். புது எரு வேரைச் சுடும். தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. சிப்பி கலந்த சுண்ணாம்பு மணலில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க இயலாது. அங்கே சாம்பலோ சுண்ணாம்போ போடாமல் கூட்டெரு சேருங்கள்.

பூச்சிதான் என்றால்

தேசித் தளிரில் வெள்ளிக் கோடு வளைந்து ஓடினால் இலைக்குள் சுரங்கம் போடும் புழு. சுருண்ட தளிரைக் கிள்ளி எரியுங்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் பொறுக்கினாலே போதும்.

இலையில் கரி பூசியதுபோல் இருந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகள் விடும் இனிப்புநீரில்தான் அந்தக் கரும்பூஞ்சணம் வளர்கிறது. எறும்பு ஏறுவதும் அதற்காகவே. 1 லீற்றர் தண்ணீரில் 1 தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து, முதலில் சில இலைகளில் தெளித்துப் பாருங்கள். தீங்கில்லையெனில் மாலையில் இலையடி நனையத் தெளித்து, ஒரு கிழமையில் திரும்பவும் செய்யுங்கள்.

2008இல் இலங்கையில் பப்பாசியை வாட்டிய வெள்ளை மாப்பூச்சியை அடக்கியது, 2009இல் கொண்டுவந்து விடப்பட்ட சின்னஞ்சிறு குளவிதான். கண்டபடி நஞ்சு அடித்தால் இப்படியான நன்மை செய்யும் உயிர்களும் சாகும்.

உதிர்வதெல்லாம் நோயல்ல

பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரம் வறட்சியில் இலையை உதிர்த்துத் தண்ணீரைச் சேமிக்கும். மழைக்குப் பின் துளிர்க்கும். நம் முருங்கையும் வறட்சியில் இலை கொட்டும். அதை வெட்டிவிடாதீர்கள். மாரி வரும்வரை பொறுங்கள்.

இவற்றாலும் தேறாவிட்டால் பாதித்த கிளையொன்றைப் பையிலிட்டு, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்திலும் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம், சகோதரிகளே. போத்தலுக்குக் கொடுக்கும் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.