எவ்வளவு குடித்தாலும் ஏறாதவர்கள்

“எவ்வளவு ஊத்தினாலும் ஆளு ஸ்டெடி” என்று நண்பர்கள் ஒருவரை மெச்சுவார்கள். குடித்து முடித்த பிறகு வண்டிச் சாவியையும் அவர் கையில்தான் கொடுப்பார்கள். குடிநோய் ஆய்வாளர்கள் அதிகம் கவலைப்படுவது அவரைப் பற்றித்தான்.

சான் டியாகோ ஆய்வு

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக மனநல மருத்துவர் மார்க் ஷக்கிட், 1970களின் இறுதியில் தொடங்கி, இருபது வயதையொட்டிய இளைஞர்களுக்கு ஆய்வகத்தில் மதுவை அளந்து கொடுத்துச் சோதித்தார். அவர்களில் பலர் குடிநோயாளிகளின் மகன்கள். ரத்தத்தில் ஆல்கஹால் ஒரே அளவில் இருந்தும் சிலருக்குத் தள்ளாட்டமும் கிறக்கமும் குறைவாகவே இருந்தன. சுமார் பத்தாண்டு கழித்து அவர்களைத் தேடிப் பார்த்த முடிவு 1994இல் வெளியானது. குடிநோயாளிகளின் மகன்களில், போதையை அவ்வளவாக உணராதவர்களில் 56 சதவீதம் பேர் தாங்களும் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். நன்றாக உணர்ந்தவர்களிடம் இது வெறும் 14 சதவீதம்.

நான்கு கேள்விகள்

எல்லோரையும் ஆய்வகத்துக்கு அழைத்துக் குடிக்க வைக்க முடியாது. அதனால் 1997இல் ஒரு கேள்வித்தாள் வந்தது. எத்தனையாவது கிளாஸில் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது? எத்தனையில் நாக்குக் குழறியது? எத்தனையில் கால் தடுமாறியது? எத்தனையில் தன்னையறியாமல் தூக்கம் வந்தது? முதன்முதலாகக் குடித்த ஐந்து தடவைகளை நினைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால், பழகிப் பழகி வருகிற தாங்குதிறன் வேறு. முதல் நாளிலிருந்தே ஏறாமல் இருப்பது வேறு. விடையாக வரும் எண்ணிக்கை கூடக் கூட, ஆபத்தும் கூடுகிறது. மருத்துவரிடம் போகாமல், எவரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்விகள் இவை.

ஏன் இப்படி?

‘போதும்’ என்று உடல் சொல்வது இவர்களுக்குத் தாமதமாகக் கேட்கிறது. மற்றவர் இரண்டில் அடையும் கிறக்கத்துக்கு இவர் நான்கு குடிக்கிறார். அதே அளவு குடிப்பவர்களோடு சேர்கிறார். நாளடைவில் தாங்குதிறனும் கூடி அளவை இன்னும் ஏற்றுகிறது. கல்லீரலுக்குப் போதை ஏறியதா என்பது கணக்கில்லை, உள்ளே போன ஆல்கஹால்தான் கணக்கு. நிதானமாக நடப்பவர் என்பதற்காக வண்டிச் சாவியைக் கொடுப்பதும் தவறு.

விதி அல்ல

இந்த இயல்பில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் கல்லூரி மாணவர்களுக்கு இதை விளக்கிச் சொன்னபோது அவர்களின் குடி குறைந்ததை ஷக்கிட் குழுவினரே காட்டியிருக்கிறார்கள். தகப்பன் குடிநோயாளியாக இருந்து, மகனுக்கும் ‘ஏறாது’ என்றால், இருபது வயதிலேயே அவனிடம் இதைப் பேசிவிட வேண்டும்.

தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.