பூட்ஸில் ஏறிவரும் நத்தை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவில், டெஷூட்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தை 1951-இல் அணைபோட்டு மறித்து உண்டாக்கியது கேப்பிட்டல் ஏரி. 2009-இன் பிற்பகுதியில் அதில் படகு விடக்கூடாது, யாரும் இறங்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆண்டுக்கணக்கில் நீடித்த அந்தத் தடைக்குக் காரணம், அரிசிமணி அளவே இருக்கும் நியூசிலாந்து சேற்று நத்தை.

ஒன்றே போதும்

1987-இல் ஐடஹோவின் ஸ்நேக் ஆற்றிலும், 1991-இல் ஒன்டாரியோ ஏரியிலும் இந்த நத்தை தென்பட்டது. தாய்நாட்டில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இதை மலடாக்கிக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. போன இடத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆண் துணையும் வேண்டியதில்லை. தானாகவே கருத்தரித்து, குஞ்சுகளாகவே ஈனும் பெண் நத்தை ஒன்று வந்து சேர்ந்தால் போதும், ஏரி நிறைந்துவிடும்.

நிறைந்தால் என்ன ஆகும்? வயோமிங்கில் உள்ள போல்கேட் ஓடையை ஆராய்ந்தவர்கள் 2003-இல் கணக்குச் சொன்னார்கள். அங்கே முதுகெலும்பற்ற உயிர்களின் மொத்த எடையில் 97 சதவீதம் இந்த நத்தைதான். ஓடையில் விளையும் பாசி உணவில் முக்கால் பங்கையும் இதுவே தின்று தீர்த்தது. டிரவுட் மீன் விழுங்கினாலும் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு, பல நத்தைகள் உயிரோடு வெளியேறிவிடுகின்றன. மீனுக்கு வயிறு நிறைகிறது, உடம்பில் ஒட்டுவதில்லை.

தண்ணீரே சாட்சி

கல்லைப் புரட்டி, நீர்ச்செடியை உதறி, சல்லடையில் அலசித் தேடுவது பழைய வழி. ஆனால் குஞ்சு நத்தைக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரியாது. தொகை பெருகிய பிறகே கண்ணில் படும். இப்போது ஏரித் தண்ணீரை நுண்வடிகட்டியில் இறுத்து, அதில் கலந்திருக்கும் நத்தையின் டி.என்.ஏ.வைத் தேடுகிறார்கள். நத்தை இருக்கிறது என்பதை இது சொல்லும். எத்தனை என்று துல்லியமாகச் சொல்லாது. நீரோட்டம் மேலிருந்து இழுத்துவந்த டி.என்.ஏ.வாகவும் இருக்கலாம். ஆகவே நேரில் தேடும் வேலைக்கு இன்னும் ஓய்வில்லை.

கண்டுபிடித்த பின் ஒழிப்பதுதான் பெரும்பாடு. கேப்பிட்டல் ஏரியின் நீர்மட்டத்தைக் கடுங்குளிர் நாட்களில் இறக்கி, நத்தைகளை உறையவிட்டார்கள். ஏராளம் செத்தன, எல்லாம் சாகவில்லை. மருந்து தெளித்தால் மற்ற உயிர்களும் மடியும்.

புகுந்த ஏரியை மீட்பது அநேகமாக நடக்காத காரியம். கண்காணிப்பால் பலன் பெறுவது பக்கத்து ஏரிதான். ஈரப்பதம் இருந்தால் தண்ணீருக்கு வெளியிலும் பல நாள் தாங்கும் இந்த நத்தை, தூண்டில்காரரின் பூட்ஸிலும் வலையிலும் படகிலும் ஏறித்தான் ஊர்விட்டு ஊர் போகிறது. எந்த ஏரியில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், கரையேறுபவரை நிறுத்திச் சேற்றைத் தேய்த்துக் கழுவச் சொல்லலாம். வீட்டுக்குப் போனதும் பூட்ஸை ஓரிரவு ஃப்ரீசரில் வைத்தாலே மிச்சமிருக்கும் நத்தை செத்துவிடும். செலவில்லாத வேலைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டும்.