ரோபோ தானா அறுக்குமா?

குற்றாலத்தில் டீக்கடை வைத்திருக்கும் என் தாத்தாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். தென்காசி டாக்டர் "ரோபோ ஆபரேஷனும் உண்டு" என்றதும், "ஏலே, மெஷினு தானா அறுத்துருமோ?" என்று பயந்துவிட்டார். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என்னைத்தான் கேட்டார்கள்.

நண்பர்களே! இடுப்புக்குழியின் ஆழத்தில், மெல்லிய நரம்புகளுக்கு நடுவே உள்ள சுரப்பி அது. சர்ஜன் கை அசைந்தால்தான் ரோபோ அசையும். கை நடுக்கத்தையும் வடிகட்டிவிடும்.

அமெரிக்காவின் டாவின்சி 2000-இல் அங்கே அனுமதி பெற்றது. அதன் பரவலான மாடலில் நான்கு கரங்களும் ஒரே வண்டியில். சர்ஜன் பெட்டிக்குள் முகம் வைத்துப் பார்ப்பார். நம் நாட்டின் எஸ்எஸ்ஐ மந்த்ராவில் கரத்துக்கு ஒரு வண்டி. முப்பரிமாணக் கண்ணாடி போட்டுத் திறந்த திரையைப் பார்ப்பார்.

நம் ஒர்க்‌ஷாப் லேத் மாதிரிதான். எந்த மெஷின் என்பதைவிட, எத்தனை ஆபரேஷன் செய்த கை என்று கேளுங்கள்.

"அறுக்கது டாக்டர்தான் தாத்தா" என்றேன். "அப்பச் சரி" என்றார்.