அக்னி மூலையைப் பார்... வாண்டு சேனல் வரும்!

"வந்துடுச்சா?"

"புள்ளி புள்ளியாத் தெரியுதுப்பா!"

"இப்போ?"

"சத்தம் மட்டும் வருது!"

"இப்போ..?"

"அய்யோ, முன்னாடி இருந்ததே தேவலாம்!"

மொட்டை மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே நடந்த இந்தக் கச்சேரி, ஆன்டெனா காலத்து வீடுகளுக்கெல்லாம் பொது. ஆனால், தருமபுரிக்காரர்களுக்கு மட்டும் கஷ்டம் கொஞ்சம் கூடுதல்!

சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே பிறந்துவிட்டது. என்ன பிரயோஜனம்? தருமபுரி அங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். டவரிலிருந்து கிளம்பும் அலை நேர்கோட்டில்தான் ஓடும். மலை குறுக்கே வந்தால் மலைத்துப்போய் நின்றுவிடும்! அன்றைக்கு தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூருக்கு, 40 கிலோமீட்டரில் பெங்களூர். 1981-ல் அங்கே தூர்தர்ஷன் தொடங்கியதும், ஓசூருக்கு சென்னையைவிட அதுதான் பக்கத்து வீடு.

அப்போதெல்லாம் வாண்டுகளுக்குத் தனி சேனல் ஏது? வாரத்தில் ஏதோ அரைமணி. 1993-ல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மௌக்லி வந்தான். ஜப்பானில் வரைந்து, இந்தியில் பேசிய பையன். நம்ம பசங்க அவனோடு சேர்ந்து ஓநாய் பாஷையே கற்றுக்கொண்டார்கள், இந்திதான் வரவில்லை!

அந்தக் கம்பி ஆன்டெனாவுக்கு இப்போது வேலை இல்லை. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 2022-க்குள் மூடிவிட்டது. அதன் இடத்தில் இருப்பது 'டி.டி. ஃப்ரீ டிஷ்'. 2004-ல் வேறு பெயரில் தொடங்கியது. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒரே தடவை செலவு. மாசாமாசம் வசூலுக்கு ஆள் வராது!

எந்தப் பக்கம் திருப்புவது? சாட்சாத் அக்னி மூலைதான்! ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. தருமபுரியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், அண்ணாந்து பார்க்கும் கோணம் சுமார் 67 டிகிரி. அதாவது, உச்சந்தலைக்குக் கொஞ்சம் கீழே. அன்றைக்கு வழிமறித்த மலை, இன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது. சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருந்தாலும், தென்கிழக்கில் மரக்கிளை மறைக்காமல் இருந்தால் போதும். ஐப்பசி மழை கொட்டும்போது படம் போனால் டிஷ்ஷைத் திருகாதீர்கள். மழை விட்டதும் தானாக வரும்!

பெட்டி வாங்கும்போது 'எம்பெக்-4' என்று கேட்டு வாங்குங்கள். பழைய ரகத்தில் சில சேனல்கள் வராது. தனியார் சேனல்கள் இதில் ஏலம் எடுத்துத்தான் இடம் பிடிக்கின்றன. நேற்று இருந்தது இன்று காணாமல் போகும். அவ்வப்போது 'ஸ்கேன்' போடுங்கள்.

சரி, வாண்டுகளுக்கு என்ன இருக்கிறது?

2020-ல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, மத்திய அரசு 'பி.எம். இ-வித்யா'வை அறிவித்தது. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, வகுப்புக்கு ஒரு சேனல். ஆனால், பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும். தமிழில் பாடம் சொல்ல 2019 ஆகஸ்டில் தொடங்கிய நம் 'கல்வி தொலைக்காட்சி' இருந்தது. அது அரசு கேபிளில் 200-ம் நம்பர். கேபிள் ஒயரும் ஏறாமல், செல்போன் சிக்னலும் எட்டாத மலைக் குடியிருப்புப் பிள்ளை என்ன செய்யும்? டிஷ் இருந்தால் பாஷை இல்லை. பாஷை இருந்தால் ஒயர் இல்லை!

இந்தக் குறை மேலிடத்துக்கும் தெரிந்துதான், மாநில மொழிகளிலும் பாடம் வர 12 சேனலை 200 ஆக்குவதாக 2022 பட்ஜெட்டில் சொன்னார்கள்.

சீமையில் பாருங்கள்... பி.பி.சி., 2002-ல் குழந்தைகளுக்கென்றே இரண்டு சேனல்கள் தொடங்கியது. அங்கே சாதாரண வீட்டு ஆன்டெனாவிலேயே வரும். அதில் சின்னஞ்சிறுசுகளுக்கான 'சீபீபீஸ்' ராத்திரி ஏழு மணிக்குக் கடையைச் சாத்திவிடும். 'போய்த் தூங்கு, கண்ணு' என்று டி.வி.யே சொல்கிறது. எந்த அம்மாவுக்குத்தான் கசக்கும்?

நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். பாடம் மட்டும் போதாது. கதை, பாட்டு, விடுகதை, கொஞ்சம் சேட்டை... எல்லாம் தமிழில், காசில்லாமல். மலைக்கு மேலே வானம் திறந்துதான் கிடக்கிறது. அதிலிருந்து இறங்குவது, பென்னாகரத்துப் பிள்ளைக்குப் புரிகிற பேச்சாக இருக்கவேண்டாமா?